கண் நிரப்பியவள்

1

இந்தக் கதை ஒரு வரிசையில் நின்றபோது கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை காலை, எங்கள் ஊர் சீஸ் கூட்டுறவுக் கடை. எனக்கு முன்னால் ஒரு பெண், க்ரீம் வாங்குவதற்காகக் காலி ஜாடியோடு நின்றாள். அவளுக்கும் முன்னால் நின்ற பெரியவர் திரும்பி ஜாடியைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"என்னம்மா பர்கண்டி, ஜாடியோட கிளம்பிட்டியா? இன்னிக்கு யார் வீட்டுப் பீப்பாய்க்கு ஆபத்து?"

வரிசையே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் அவள் சிரிப்பு மற்றவர்களுடைய சிரிப்புக்கு ஒரு விநாடி பிந்தி வந்தது. அந்த ஒரு விநாடிதான் என் கைமுதல். மற்றதெல்லாம் நான் கட்டியது. கூசாமல் கட்டினேன்.

(எங்கள் ஒயின் சீமையான இந்த ஜூராவில் பிறந்தவர்களுக்கு இந்தக் கிண்டலை விளக்க வேண்டாம். உங்களுக்காகச் சொல்கிறேன். பீப்பாயில் கிடக்கும் ஒயின் மரத்தின் வழியே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும், மேலே வெற்றிடம் விழும். பக்கத்துச் சீமையான பர்கண்டியில் வெற்றிடம் விட்டால் வீட்டுக்கே அவமானம். வாரா வாரம் ஜாடியில் அதே ஒயினைக் கொண்டுவந்து ஊற்றி நிரப்புவார்கள். நாங்களோ சில பீப்பாய்களை ஆறு குளிர்காலம் தொடவே மாட்டோம். ஒயினின் மேல் பாலேடு மாதிரி ஒரு வெள்ளை ஏடு கட்டும். அதற்கு அடியில் ஒயின் மஞ்சளாகி, வேறு எங்கும் கிடைக்காத ருசிக்கு வரும். இங்கே எல்லாரும் அதை வால்நட் வாசனை என்கிறார்கள். பாண்டிச்சேரியில் வளர்ந்த என் மூக்குக்கு அது வறுத்த வெந்தயம். முப்பது வருடமாகச் சொல்லிப் பார்க்கிறேன், ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.)

நிரப்புவதற்கு இவர்கள் வைத்திருக்கும் சொல்லுக்குள் ஒரு கண் இருக்கிறது. பீப்பாயின் மேல் துளைக்குக் கண் என்று பெயர். கண்வரைக்கும் ஊற்றுவது, கண் நிரப்புவது. நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். கண் என்ற சொல் எங்கே கேட்டாலும் நின்றுவிடுவேன்.

2

முதலில் எழுதிய ஆரம்பம் இது:

"சொலேன் புகுந்த வீட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாமல், மாமனாரின் பீப்பாயில்"

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். அந்தப் 'பாவம்' எனக்கே உறுத்தியது. கதாநாயகியை முதல் வரியிலேயே பரிதாபப்படுத்திவிட்டால் பிறகு அவளை எழுப்பி நிறுத்த நாற்பது வரி செலவாகும். இன்னொன்று, வரிசையில் நின்ற அந்தப் பெண் (சொலேன் அவள் நிஜப் பெயர் இல்லை) கண்ணாடி மாற்றிக்கொள்ள என் கடைக்கே வந்துவிட்டாள்.

"என்னை வெச்சுக் கதை எழுதறீங்களாமே" என்றாள், உட்காருவதற்கு முன்பே.

"யாரு சொன்னது?"

"இந்த ஊர்ல ஒருத்தர் பேனா வாங்கினாலே எல்லாருக்கும் தெரிஞ்சுடும். என்ன எழுதியிருக்கீங்க? படிங்க."

படித்தேன். படிப்பதற்கு இருந்ததே ஒன்றரை வரி. அவள் சிரிக்கவில்லை.

"தெரியாமலா? பர்கண்டியில பொறந்தவளுக்கு ஜூராவோட ஏடு தெரியாதுன்னு எழுதினா எந்த மடையன் நம்புவான்? ரெண்டு ஊருக்கும் நடுவுல சமுத்திரமா கெடக்கு? எங்கப்பா வீட்ல கல்யாணம் காட்சின்னா உங்க மஞ்ச ஒயினத்தான் ஒடைப்பாங்க."

"அப்ப நீங்க ஏன் ஊத்தினீங்க?"

"நான் எங்க ஊத்தினேன்? உங்க சொலேன்தான ஊத்தினா. அவகிட்ட கேளுங்க. மொதல்ல என் கண்ணாடிய கவனிங்க, எடதுபக்கம் எறங்குது."

அவள் போன பிறகு கேட்டேன். அதாவது, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து, ஏடு என்றால் என்ன என்று நன்றாகவே தெரிந்த ஒரு பர்கண்டிக்காரி எப்படி அந்தப் பீப்பாயை நிரப்பியிருக்க முடியும் என்று யோசித்தேன். பதில் சாக்கட்டியில் கிடைத்தது.

3

சொலேனின் மாமனார் பெயர் ஆன்செல்ம். சின்னத் தோட்டம், தன் கையாலேயே கவாத்து, தன் காலாலேயே நடை. பேச்சு மட்டும் பெரிய பண்ணைக்காரர் பேச்சு. சொலேன் மருமகளாக வந்த வருடம், ஜனவரியில், அவருக்கு இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே உத்தரவு போட்டார்.

"மருமகளே, மேல் நிலவறைப் பக்கம் போகாத. அங்க இருக்கறதெல்லாம் தூங்கற பிள்ளைங்க, எழுப்பக் கூடாது. கீழ் நிலவறைதான் உன் பொறுப்பு. அங்க இருக்கறதெல்லாம் சாதா ஒயின், உங்க ஊர் மாதிரி. உன் ஜாடி வித்தையெல்லாம் அங்க காட்டு."

"காட்டறேன் மாமா. நீங்க இடுப்பக் காட்டுங்க, ஊசி போட வந்திருக்காங்க."

அவர் சொன்னது முழுக்க உண்மை, ஒரே ஒரு பீப்பாயைத் தவிர. அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில் மேலே இடம் போதாமல், ஏடு கட்டுவதற்கென்று வைத்த புதுப் பீப்பாய் ஒன்றைக் கீழே மூலையில் உருட்டிவிட்டிருந்தார். மறக்கவில்லை. அதன் நெற்றியில் சாக்கட்டியால் பெரிதாக 'வெ' என்று எழுதிவைத்திருந்தார். அதைப் பார்த்தால் முட்டாளுக்கும் புரியும் என்பது அவர் எண்ணம்.

அவர் வீட்டில் 'வெ' என்றால் வெண்ணேடு, தொடாதே என்று பொருள். சொலேனின் அப்பா வீட்டில் 'வெ' என்றால் வெற்றிடம், முதலில் இதை நிரப்பு என்று பொருள். இரண்டு வீட்டிலும் நாலைந்து தலைமுறையாக அதே எழுத்து, அதே சாக்கட்டி.

[இவர்கள் மொழியிலும் அந்த இரண்டு சொற்களுக்கும் முதல் எழுத்து ஒன்றுதான். இதைத் தமிழில் கொண்டுவர ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொள்ளத் தயாராக இருந்தேன். தமிழ் அரை நிமிடத்தில் தூக்கிக் கொடுத்துவிட்டது. இந்த மாதிரி வேளையில்தான் எழுதுகிறவனுக்குத் தான் பெரிய ஆள் என்று நினைப்பு வருகிறது.]

அந்தக் குளிர்காலம் பூராவும் சனிக்கிழமை தவறாமல் சொலேன் கீழே இறங்கினாள். மூலைப் பீப்பாய்க்குத்தான் முதல் மரியாதை. தக்கையைப் பிடுங்கி, ஜாடியைச் சாய்த்து, கண்ணில் ஒயின் பளபளக்கும்வரை ஊற்றி, வழிந்ததைத் துணியால் துடைத்து, தக்கையைத் தட்டி மூடினாள். நன்றாகச் செய்தாள். அப்பா வீட்டில் ஆறு வயதிலிருந்து செய்த வேலை. அவள் கணவன் மத்துரேன் அந்த மாதங்கள் முழுக்கத் தோட்டத்தில் கவாத்துக் கத்தரியோடு கிடந்தான். பீப்பாய் என்றால் அப்பா விஷயம், அவன் எட்டிப் பார்ப்பதில்லை.

ஈஸ்டருக்கு ஆன்செல்ம் கைத்தடியோடு வீடு திரும்பி, கீழ் நிலவறையையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு மூலைப் பீப்பாயை யாரும் நிரப்பவில்லை. ஏடு கட்ட வேண்டிய காலம் தாண்டி, தாமதமாக, தன் இஷ்டத்துக்கு அது கட்டிக்கொண்டது.

ஆடி மாத வெயிலில் (இங்கே ஆடி கிடையாது, வெயில் அதே வெயில்தான்) விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு கீழே இறங்கிய ஆன்செல்ம், மூலையைத் தடியால் காட்டினார்.

"அந்த 'வெ' பாத்தீங்களா? வெண்ணேடு. அதுல கைய வைக்கறவன் கைய வெட்டிடுவேன்."

விருந்தாளிகள் சிரித்தார்கள். கண்ணாடிக் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்த சொலேனும் சிரித்தாள், ஒரு விநாடி பிந்தி.

4

அப்போதே ஏன் சொல்லவில்லை?

இந்தக் கேள்வியில் என் கதாநாயகியை நான் சந்தேகித்தேன். நாலு நாள் எழுதாமல் கிடந்தேன். அவள் பயந்த சுபாவமா? பயந்தவள் அந்த மாமனாரிடம் அப்படிப் பேசமாட்டாள். அந்த வீட்டில் காலைக் காப்பியோடு சண்டையும் பரிமாறுவார்கள்:

"உங்க ஊர்ல பீப்பாய்க்கும் தாய்ப்பால் குடுப்பீங்க போலிருக்கே மருமகளே."

"உங்க ஊர்ல சோம்பேறித்தனத்துக்குப் பொறுமைன்னு பேர் வெச்சிருக்கீங்க மாமா."

"பொறுமை இல்லாதவங்களுக்கு அப்படித்தான் தெரியும்."

"வேலை செய்யாதவங்களுக்கு அப்படித்தான் தோணும்."

ஒருவரை ஒருவர் ரொம்பப் பிடித்தவர்களுக்குத்தான் இப்படிப் பேச வரும். அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். தினமும் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒன்று நிஜமாகவே நடந்துவிட்டது என்றால் அதை எந்த வாயால் சொல்வது? பீப்பாய் புளித்துப் போகட்டும், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்தாள். அது புளிக்கவில்லை. வருடத்துக்கு ஒருமுறை ஆன்செல்ம் சின்னக் குழாயைத் திறந்து கொஞ்சம் பிடித்து முகர்ந்து பார்ப்பார். "இது ஒரு தினுசா இருக்கே" என்பார். பிறகு அவரே, "மூலை அப்படி. ஈரம் ஜாஸ்தி" என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார். மருமகள் வாயைத் திறப்பதற்குள் மாமனார் மாடி ஏறிவிடுவார்.

[இந்தப் பகுதியை இன்னும் நீட்டலாம். அவள் இரவுகளில் தூங்கினாளா, கனவு கண்டாளா என்றெல்லாம். தூங்கினாள். நன்றாகவே தூங்கினாள். தோட்ட வேலை செய்கிற பெண்.]

5

ஆறு குளிர்காலம் கழிந்து, இப்போது யோரிஸ் வருகிறான். கதைக்கு வெளியாள் ஒருவன் வேண்டும், அவன் ருசி தெரிந்தவனாக இருக்க வேண்டும், பொய் சொல்லத் தெரியாதவனாகவும் இருக்க வேண்டும். பெல்ஜியம், ஆன்ட்வெர்ப் நகரத்தில் ஒயின் கடை. பெரிய மாளிகைகளின் பெயர் போட்ட ஒயின்களை விற்று விற்று அலுத்துப் போனவன்.

"பெரிய வீட்டு ஒயினெல்லாம் ஒரே பள்ளிக்கூடத்துப் பசங்க மாதிரி ஐயா. அதே சட்டை, அதே வணக்கம். எனக்குச் சண்டி வேணும்" என்று வந்து நின்றவுடனே சொன்னான். அதற்காகவே குண்டும் குழியுமான சின்ன ரோடுகளில் வண்டி ஓட்டி, கையால் வேலை செய்கிறவர்களின் நிலவறைகளாகத் தேடித் திரிகிறான். காலில் மட்டும் நகரத்துச் செருப்பு.

ஆன்செல்மின் ஒயின் அந்தப் பள்ளத்தாக்கைத் தாண்டியதில்லை. தன் பெயர் தெரியாத ஊரில், தன்னைத் தெரியாத ஒருவன், தன் ஒயினைக் குடித்துவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும் என்பது அவர் ஆயுள் ஆசை. இதை அவர் சொன்னதில்லை. எல்லாருக்கும் தெரியும்.

மேல் நிலவறையில் யோரிஸ் ஒவ்வொரு பீப்பாயாக ருசி பார்த்தான், ஒயின் வியாபாரிகள் வழக்கப்படி வடிகாலில் துப்பினான். "சுத்தமா இருக்கு. நல்லா இருக்கு" என்றான். கடைசியில், மனசில்லாமல், "ஆனா இதே மாதிரி ரெண்டு வீட்டுது எங்கிட்ட ஏற்கனவே இருக்கு ஐயா" என்றான்.

ஆன்செல்மின் முகம் விழுந்துபோனது. சொலேன் அதைப் பார்த்தாள். அவர் முகம் அப்படி விழுந்து அவள் பார்த்ததில்லை, ஆஸ்பத்திரியில்கூட.

"சாப்பிட்டுட்டுக் கெளம்பலாம்" என்று அவள்தான் கீழ் நிலவறைக்கு அழைத்துப் போனாள். பலகையில் சீஸும் புகையில் போட்ட சாசேஜும் நறுக்க ஆரம்பித்தாள். யோரிஸ் மூலையைப் பார்த்தான்.

"அது?"

"அது ஒரு முசுடு" என்றார் ஆன்செல்ம் சுரத்தில்லாமல். "வேணும்னா பாருங்க."

பிடித்துக் கொடுத்தார். யோரிஸ் முகர்ந்தான். வாயில் வைத்தான். துப்பவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டான். மத்துரேன் அப்பாவைப் பார்த்தான், அப்பா பிள்ளையைப் பார்த்தார். நிலவறையில் சத்தமே இல்லை.

"இத யார் செஞ்சது?" என்றான் யோரிஸ்.

"யாரும் இல்ல தம்பி. அதான் விஷயமே. ஆறு குளிர்காலம், ஒருத்தர் கை படல."

"அப்படித் தெரியலயே ஐயா. மேல வால்நட் வாசனை, சரி. அடியில இன்னும் பச்சை ஆப்பிள் நிக்குது. கிழவனும் கைக்குழந்தையும் ஒரே வீட்ல இருக்கற மாதிரி. யாரோ இதுக்கு ஏதோ பண்ணியிருக்காங்க."

"மூலை பண்ணியிருக்கும்" என்று ஆன்செல்ம் சிரித்தார். முகம் எழுந்துவிட்டது, பத்து வயது குறைந்துவிட்டது. "ஒயினுக்கு மனுசன் செய்யற பெரிய உதவி, கையக் கட்டிக்கிட்டு இருக்கறதுதான். இத என் மருமகளுக்கு ஆறு வருசமாச் சொல்லித் தரேன். பர்கண்டி, ஏற மாட்டேங்குது."

சொலேனின் கத்தி சீஸுக்குள் பாதியில் நின்றது.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். வாய்விட்டுச் சிரித்துவிடாமல் இருக்கப் பல்லைக் கடித்தாள். என் ஒயின், என்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்தாள். ஆன்ட்வெர்ப் வரைக்கும் போகப் போகிற என் ஒயின். அடுத்தது கோபம் வந்தது, அதுவும் நன்றாகவே வந்தது. யாரும் இல்லை என்கிறாரே, அந்த யாரும் இல்லாதவள் இங்கே சாசேஜ் நறுக்கிக்கொண்டு நிற்கிறாள்.

யோரிஸ் அந்தப் பீப்பாய் முழுவதையும் தனியாகக் கேட்டான். "புட்டியில 'யார் கையும் படாதது'ன்னு போட்டுக்கலாமா?"

"தாராளமா."

"இது ஒரு தடவதானா, இல்ல மறுபடியும் வருமா?"

மூலையிலேயே, பழைய பீப்பாய்க்குப் பக்கத்தில், போன அறுவடையில் நிரப்பிய புதுப் பீப்பாய் ஒன்று இருந்தது. நெற்றியில் 'வெ'. ஆன்செல்ம் அதன் வயிற்றில் தட்டினார். "அதே திராட்சை, அதே மூலை. ஆறு வருசம் கழிச்சு வாங்க தம்பி. இதே மாதிரி இன்னொண்ணு. இது என் வாக்கு."

கை குலுக்கிக்கொண்டார்கள். இந்த ஊரில் கை குலுக்கிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

6

அன்று சாயங்காலம் சொலேன் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான்.

"அப்பாட்ட சொல்லாத. செத்துருவார்."

"சாகமாட்டார். திட்டுவார்."

"வாழ்க்கையில ஒரு நல்லது நடந்திருக்கு அவருக்கு. அத ஏன் கெடுக்கற?"

"நல்லது எப்படி நடந்துச்சுன்னே தெரியாம மறுபடி எப்படி நடக்கும்? வாக்குக் குடுத்தாச்சு. இந்தக் குளிர்காலத்துல அந்தப் புதுப் பீப்பாய யாராவது நெறப்பணும். மூலை ஊத்துமா?"

மத்துரேன் எழுந்து கவாத்துக் கத்தரியைத் துடைக்கப் போய்விட்டான். அவனுக்கு நான் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

இங்கே கதை முடிச்சு நன்றாக விழுந்துவிட்டது, சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. அவள் சொன்னால் கிழவரின் ஆயுள் பெருமை பொய்யாகும். சொல்லாமல் விட்டால் அவருடைய வாக்கு பொய்யாகும். அவிழ்க்க மூன்று விதம் எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ. அவள் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் ஆன்செல்ம் சீட்டாடப் போகும்போது திருட்டுத்தனமாகக் கீழே இறங்கி நிரப்புகிறாள். ஆறு வருடம் கழித்து யோரிஸ் வந்து சுவரில் சாய்கிறான். ஆன்செல்ம் புகழோடு கண்ணை மூடுகிறார். [பார்க்க அழகான முடிவு. ஆனால் இதில் அவள் கடைசிவரைக்கும் 'யாரும் இல்லை'.]

முடிவு ஆ. அவள் சொல்லவும் இல்லை, நிரப்பவும் இல்லை. யோரிஸ் ருசி பார்த்து, "சுத்தமா இருக்கு" என்று துப்பிவிட்டுப் போகிறான். ஆன்செல்ம் மூலையைக் குற்றம் சொல்லி, சுண்ணாம்பு அடித்துப் பார்த்து, ஈரத்துணி தொங்கவிட்டுப் பார்த்து [சிரிப்பாக இருந்தது, ஒரு பக்கம் எழுதினேன். பிறகு அவர் முகம் மறுபடி விழுவதை எழுத வேண்டி வந்தது. எனக்கு மனம் வரவில்லை.]

முடிவு இ. அவருக்கு எல்லாம் முன்பே தெரியும். சொலேன் அழுதுகொண்டே சொல்ல, கிழவர் கண்ணடித்து, "எனக்கு மொத வருசமே தெரியும் மருமகளே" என்கிறார். கைதட்டல் வாங்குகிற முடிவு. எழுதினேன், நன்றாகவும் வந்தது, கிழித்துப் போட்டேன். அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவள் ஆறு வருடம் சுமந்தது கண்ணாமூச்சி ஆட்டம் ஆகிவிடும். தாத்தா வேடத்தில் வருகிறவர்களுக்கெல்லாம் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது?

(பீப்பாய்க்காரர்களின் வழக்கு கதை எழுதுகிற தொழிலிலும் உண்டு. எங்கே இடம் விட வேண்டும், எங்கே கண்வரை ஊற்ற வேண்டும். இடம் விட்டால் ஏடு கட்டும் என்று ஒரு கட்சி, இடம் விட்டால் புளித்துவிடும் என்று ஒரு கட்சி. நான் இதுவரை இரண்டு கட்சியிலும் சாப்பிட்டு வந்திருக்கிறேன்.)

அவள் புதுக் கண்ணாடியை வாங்க வந்தபோது மூன்று முடிவுகளையும் சொன்னேன். காதுக்குப் பின்னால் கம்பியை நான் வளைத்துச் சரிசெய்துகொண்டிருக்க, தலையை அசைக்காமல் கேட்டாள்.

"மூணும் நல்லாத்தான் இருக்கு" என்றாள். "ஆனா ஒண்ணுலகூட உங்க சொலேன் வாயத் தொறந்து ஒழுங்கா ஒரு வார்த்த பேசலயே. மூணாவதுல தொறந்தா, அழறதுக்கு. எங்க ஊர்ல பொம்பளைங்களுக்குப் பேசத் தெரியும்."

"இந்த ஊர்லயா, அந்த ஊர்லயா?"

"ரெண்டு ஊர்லயும்தான். கண்ணாடி இப்ப சரியா நிக்குது."

7

சனிக்கிழமை, பகல் பதினொரு மணி வெளிச்சம். திருட்டுத்தனத்துக்கு ஏற்ற நேரம் இல்லை. அதனால்தான் இந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

கீழ் நிலவறை வாசலில் ஆன்செல்ம் முக்காலி போட்டு உட்கார்ந்து புட்டி கழுவுகிறார். யோரிஸ் வந்து போனதிலிருந்து அவர் புட்டி கழுவும்போது பாட்டு வேறு. சொலேன் முற்றத்தைக் கடந்து வருகிறாள். இரண்டு கையாலும் ஏந்திய ஜாடி, விளிம்புவரை போன வருடத்து ஒயின். சிந்தாமல் நடக்கிறாள்.

"ஜாடி ராணி ஊர்வலம் எங்க?" என்கிறார்.

"மூலைக்கு."

"மூலையில 'வெ' போட்டிருக்கு மருமகளே. கண்ணு தெரியலன்னா அந்தக் கண்ணாடிக் கடைக்காரன்ட்ட போய்க் காட்டு."

"போய்ட்டுத்தான் வரேன். கண்ணு நல்லாத் தெரியுது."

அவர் கழுவுவதை நிறுத்துகிறார். அவள் ஜாடியைக் கீழே வைக்கவில்லை.

"மாமா, அந்த ஆன்ட்வெர்ப்காரர் கேட்டாரே, யார் செஞ்சதுன்னு. நான் செஞ்சது. நீங்க இடுப்ப ஒடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தீங்களே, அந்தக் குளிர்காலம் பூரா வாரா வாரம் நான்தான் அதுக்கு ஊத்தினேன். எங்கப்பா வீட்ல 'வெ'ன்னா வெற்றிடம். அப்படி நெனச்சு ஊத்தினேன். அது தப்பு. அப்பவே உங்ககிட்ட சொல்லாதது அதவிடப் பெரிய தப்பு. ஆனா அவர் சுவத்துல சாஞ்சு நின்னாரே, அது என் ஜாடிக்குத்தான் நின்னார், மூலைக்கு இல்ல. உங்க திராட்சை, உங்க ஏடு, என் ஜாடி. மூணும் சேந்துதான் அது. நீங்க அவருக்கு வாக்குக் குடுத்திருக்கீங்க. இப்ப 'வெ'ன்னா என்னன்னு நல்லாத் தெரிஞ்சே ஊத்தப் போறேன். ஒளிச்சு மறச்சு ஊத்த என்னால ஆகாது. எந்திரிச்சு வழி விடுங்க."

என் வேலை இதுவரைக்கும்தான். மற்ற எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள்: ஊரை, யோரிஸின் செருப்பை, சாக்கட்டியின் எழுத்தைக்கூட. அவள் இதைச் சொன்னாள் என்பதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன். சொல்லிவிட்டாள், முற்றத்தில், பட்டப்பகலில், தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கிற குரலில்.

ஆன்செல்ம் எழுந்துவிட்டார். வழியில்தான் நிற்கிறார். கையில் ஈரப் புட்டி. கிண்டல் செய்ய ஆரம்பித்த முகம் பாதியில் நிற்கிறது, அது எந்தப் பக்கம் திரும்பும் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கு ஐந்து பதில்கள் எழுதினேன். ஐந்தும் என் குரலில் இருந்தன. ஆறு வருடம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதில் மட்டுமே நம்பிக்கை வைத்த ஒரு மனிதன், கை படாததால் வந்தது என்று உலகத்திடம் மார் தட்டிய மறு வாரத்தில், அது கை பட்டதால் வந்தது என்று கேள்விப்படுகிறார். அவர் என்ன சொல்வார் என்பது அவரைவிட வயதில் குறைந்த எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள் சொல்லுங்கள். திட்டட்டும். புட்டியை உடைக்கட்டும். சாக்கட்டியைத் தேடிப் போகட்டும். அவருடைய வாயில் எந்தச் சொல்லை வைத்தாலும் எனக்குச் சம்மதம்.

யோசித்தே சொல்லுங்கள், அவசரமில்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் ஜாடி நிறைய இருக்கிறது, கனம் ஏறிக்கொண்டே போகிறது, அவள் அதைக் கீழே வைப்பதாக இல்லை.